குடியிருப்பு வாசலில் தகவல் பலகை: எதைப் போட்டால் தண்ணீர்ச் செலவு குறையும்?

கொளத்தூர்வாசி | ஏப்ரல் 6, இரவு 9:10

நாலு பிளாக், 240 வீடு, சுமார் 840 பேர். தெருவைப் பார்த்த மதிலில் டிஜிட்டல் பலகை ஒன்று வைக்க நலச்சங்கத்தில் முடிவாகியிருக்கிறது. உள்ளே வருகிறவரும் பார்க்கணும், தெருவில் போகிறவரும் பார்க்கணும். போட நினைப்பது: ஏரி நீர்மட்டம், மெட்ரோ வாட்டர் வரத்து, போர் மட்டம், பொது மின்சாரம், சோலார், குப்பை எடை, காற்றுத் தரம், கார்பன் தடம், நட்ட மரங்கள், வெப்பநிலை, மழை, "இன்றைய பசுமைக் குறிப்பு". 55 அங்குல டிவி ஒன்று விலை கேட்டு வைத்திருக்கிறோம். பன்னிரண்டும் ஒரே திரையில் வருமா, ஒவ்வொன்றாகச் சுழல விடணுமா? என்ன சென்சார் வாங்குவது?

நீரளவன் | ஏப்ரல் 7, காலை 6:35

டிவியை இப்போதைக்கு வாங்காதீங்க சார். பன்னிரண்டில் மூன்றை வைத்துக்கொண்டு ஒன்பதை எடுத்துடுங்க.

வாசலைத் தாண்டுகிற ஆளுக்கு அந்தப் பலகையைப் பார்க்க நாலைந்து நொடி கிடைக்கும். கையில் பால் பாக்கெட், தோளில் பிள்ளையின் பை. அந்த நேரத்தில் ஒரு எண் மனதில் ஏறும், மிஞ்சிப் போனால் இரண்டு. சுழல விட்டால் அவர் கடக்கும்போது திரையில் வெப்பநிலைதான் ஓடிக்கொண்டிருக்கும்.

எதை வைப்பது என்பதற்கு ஒரே சோதனை போதும். அந்த எண் இன்று கெட்டுப்போனால், படித்தவர் இன்று மாலைக்குள் தன் வீட்டில் செய்ய ஏதாவது இருக்கிறதா? இருந்தால் வைங்க.

ஏரி மட்டம் இதில் தேறாது. புழல் ஏரியின் கொள்ளளவு 3,300 மில்லியன் கன அடி. ஒரு மில்லியன் கன அடி என்பது 2 கோடியே 83 லட்சம் லிட்டர். உங்கள் 840 பேரும் ஆளுக்கு 135 லிட்டர் செலவழித்தால் ஒரு நாளைக்கு 1,13,400 லிட்டர். அதாவது ஒரே ஒரு மில்லியன் கன அடி உங்கள் குடியிருப்புக்கு 250 நாள் வரும். 3,300 என்பது 3,299 ஆனதற்கு எந்த வீட்டுக் குழாயும் பொறுப்பில்லை என்று படிக்கிறவருக்குத் தெரியும். வருத்தப்படுவார், கடந்து போய்விடுவார்.

அதே 1,13,400 லிட்டரை 12,000 லிட்டர் லாரியாகச் சொல்லிப் பாருங்க. ஒன்பதரை லாரி. "நேற்று நாம் செலவழித்தது: 11 லாரி" என்று எழுதியிருந்தால் அந்தப் பதினொன்றை யாருக்கும் விளக்க வேண்டாம். லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் எல்லார் காதிலும் இருக்கிறது.

135 எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்பார்கள். மத்திய அரசின் குடிநீர் வழங்கல் கையேட்டில் பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்கு ஆளுக்கு 135, பெருநகரங்களுக்கு 150 என்று இருக்கிறது. இலக்காக 135-ஐ வைத்தால் நியாயமாக இருக்கும்.

நீரளவன் | ஏப்ரல் 7, காலை 7:20

சொல்ல விட்டது: மூன்று எண் எவை. நேற்றைய தண்ணீர் ஆளுக்கு எத்தனை லிட்டர். நேற்றைய பொது மின்சாரம் எத்தனை யூனிட். நேற்றைய கலப்புக் குப்பை எத்தனை கிலோ. "இந்த மாதம்", "இந்த வருடம்" எதுவும் வேண்டாம். மின்கட்டணம் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவதால், போன மாதம் எந்த நாள் எதனால் ஏறியது என்று எந்த வீட்டுக்கும் தெரிவதில்லை. பலகை அந்த இடைவெளியை ஒரு நாளாகக் குறைத்தாலே பாதி வேலை முடிந்தது.

வடசென்னைக்காரி | ஏப்ரல் 7, மதியம் 1:05

காத்துத் தரத்த எடுத்துட்டா எப்படிங்க? எங்க பக்கம் முதல்ல கேக்கறதே அதுதான். மணலியில காத்து அளக்கற ஸ்டேஷன் இருக்கு, அந்த எண்ணக் காட்டலாமே.

நீரளவன் | ஏப்ரல் 7, மாலை 6:50

கேட்கிற உரிமை இருக்கிறது அக்கா, ஆனால் அது கேள்வி கேட்பதற்கான எண். ஆலையையும் லாரியையும் எந்தக் குடியிருப்புவாசியும் மாலைக்குள் நிறுத்த முடியாது. இன்னொரு சிக்கல் கருவி. கடையில் கிடைக்கும் மலிவான லேசர் தூசி சென்சார் காற்றில் ஈரம் ஏறினால் நீர்த்துளியையும் தூசி என்று எண்ணும். சென்னையில் மார்கழி விடியலில் ஈரப்பதம் 90-ஐத் தொடும், அப்போது அது காட்டுவதை நம்ப முடியாது. தப்பான எண்ணை ஒருமுறை காட்டினால் பக்கத்தில் இருக்கும் சரியான எண்ணையும் யாரும் நம்பமாட்டார்கள்.

வடசென்னைக்காரி | ஏப்ரல் 7, இரவு 8:15

போகிக்கு? டயர் கொளுத்தறது நம்ம ஜனங்கதானே. அத நிறுத்தலாமே மாலைக்குள்ள.

நீரளவன் | ஏப்ரல் 7, இரவு 8:40

ஒத்துக்கொள்கிறேன். போகிக்கு முந்தின வாரம் மட்டும் மூன்றாவது எண்ணை எடுத்துவிட்டு, பக்கத்து மாசுக் கட்டுப்பாட்டு நிலையத்தின் எண்ணைப் போடலாம். சொந்த சென்சார் வேண்டாம். ஒரு எச்சரிக்கை: காற்றுத் தரக் குறியீடு 24 மணி நேரச் சராசரி. போகி விடியலில் மூட்டிய புகை குறியீட்டில் முழுதாக ஏறப் பல மணி நேரமாகும். மணிக்கணக்கு நுண்துகள் அளவை எடுத்துப் போட்டால்தான் காலை ஆறு மணிக்கு உண்மை தெரியும்.

கொளத்தூர்வாசி | ஏப்ரல் 8, காலை 10:00

மூன்று எண் என்றால் கமிட்டியில் "இதுக்கா இவ்வளவு பணம்" என்பார்கள். பரவாயில்லை, பேசிக்கொள்கிறேன். தண்ணீரை எங்கே அளப்பது? சம்புக்கு மூன்று வழியில் வருகிறது: மெட்ரோ வாட்டர், போர், லாரி. மேலே ஒவ்வொரு பிளாக்குக்கும் 20,000 லிட்டர் தொட்டி.

நீரளவன் | ஏப்ரல் 8, இரவு 9:30

இதில்தான் பெரும்பாலான பலகைகள் விழுகின்றன, அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

வரத்தில் அளக்காதீங்க. மெட்ரோ வாட்டர் விட்டு விட்டு வருகிறது. குழாய் காலியாக இருந்துவிட்டுத் திறக்கும்போது முதலில் வருவது காற்று. அந்தக் காற்று மீட்டர் சக்கரத்தைத் தண்ணீரைவிட வேகமாகச் சுழற்றும். வராத தண்ணீர் கணக்கில் ஏறிவிடும்.

மேல்தொட்டியிலிருந்து வீடுகளுக்கு இறங்கும் குழாயில் வைக்கலாம் என்று பிளம்பர் சொல்வார். கேட்பதற்குச் சரியாக இருக்கும். ஆனால் சக்கரம் வைத்த மீட்டரில், அதன் முழு ஓட்டத்தில் 0.63 பார் வரை அழுத்த இழப்பைச் சர்வதேசத் தரம் அனுமதிக்கிறது. 0.63 பார் என்றால் ஆறு மீட்டர் உயரத் தண்ணீருக்குச் சமம். உங்கள் மேல்மாடி வீட்டு ஷவருக்கும் தொட்டிக்கும் இடையே மொத்தமே மூன்று மீட்டர்தான் இருக்கும். மீட்டர் பொருத்திய மறுநாள் காலை ஏழு மணிக்கு மேல்மாடிக்காரர்கள் உங்கள் கதவைத் தட்டுவார்கள், பலகைத் திட்டம் அன்றோடு முடியும்.

சரியான இடம் மோட்டார் ரூமில், சம்பிலிருந்து மேலே ஏறும் குழாய். அங்கே பம்பின் அழுத்தம் இருக்கிறது, ஆறு மீட்டர் இழப்பைத் தாங்கும். மோட்டார் ஓடும்போது குழாய் எப்போதும் நிரம்பியிருக்கும். பிளாக்குக்கு ஒரு பம்பு இருந்தால் பிளாக்குக்கு ஒரு மீட்டர், ஆக நாலு. குழாய் அளவுக்கேற்ற பல்ஸ் வெளியீடு உள்ள மீட்டர் என்று கேட்டு வாங்குங்க. மீட்டருக்கு முன்னால் வடிகட்டி கட்டாயம். போர்த் தண்ணீரின் உப்பும் இரும்பும் சக்கரத்தில் படிந்து மெதுவாக இறுக்கும். மீட்டர் நிற்காது, குறைத்துக் காட்டும். ஜனங்கள் சிக்கனமாகிவிட்டார்கள் என்று நாம் சந்தோஷப்பட்டுக்கொண்டிருப்போம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வடிகட்டியைக் கழற்றிக் கழுவணும்.

பல்ஸ் என்பது மீட்டருக்குள் ஒரு காந்தமும், அது அருகில் வந்தால் மூடும் ரீட் சுவிட்ச்சும். பத்து லிட்டருக்கோ நூறு லிட்டருக்கோ ஒருமுறை மூடித் திறக்கும். மூடும்போது உள்ளே நாலைந்து தடவை துள்ளும், அத்தனையையும் எண்ணினால் லிட்டர் பெருகிவிடும். மென்பொருளில் 50 மில்லி விநாடி பொறுத்துப் பிறகு எண்ணுங்க. இதைவிடப் பெரிய தொல்லை மோட்டார் ஸ்டார்ட்டர். அதற்குள் இருக்கும் கான்டாக்டர் என்ற பெரிய சுவிட்ச் அடிக்கும்போது பக்கத்தில் ஓடும் ஒயரில் பொய்ப் பல்ஸ் விழும். உலோக உறை போட்ட ஒயர், மின்கம்பியிலிருந்து ஓரடியாவது தள்ளி, நடுவில் ஆப்டோ ஐசோலேட்டர் (பல்ஸை ஒளியாகக் கடத்தி, இரண்டு பக்க மின்சாரத்தையும் பிரித்து வைக்கும் சின்ன உறுப்பு). இந்த மூன்றும் இருந்தால் அந்தத் தொல்லை போய்விடும்.

நீரளவன் | ஏப்ரல் 9, காலை 6:10

இரவு எழுதியதில் ஒரு ஓட்டை. ஏறும் குழாயில் அளப்பது தொட்டிக்குப் போன தண்ணீரை; வீட்டில் செலவான தண்ணீரை அல்ல. நள்ளிரவு 12 மணிக்குக் கணக்கை முடித்தால், ஒரு நாள் தொட்டி முழுசாக இருக்கும், மறுநாள் பாதியாக இருக்கும். 10,000 லிட்டர் பிசகு. ஒரு பிளாக்கின் நாள் செலவே 28,000 லிட்டர் சுமார்தான், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் தப்பாகிவிடும்.

அதனால் ஒரு நாளின் கணக்கை நள்ளிரவில் வெட்டாதீங்க. இரவு கடைசியாகத் தொட்டி நிரம்பி மோட்டார் தானாக நிற்கிறதே, அந்தக் கணத்தில் வெட்டுங்க. நிரம்பிய தொட்டியிலிருந்து நிரம்பிய தொட்டி வரை ஒரு நாள். அது 23 மணி நேரமாகவோ 25 ஆகவோ இருக்கும், 24 மணிக்குச் சரிசெய்துகொள்ளலாம்.

தொட்டி மட்டத்துக்கு மீயொலி சென்சார் (எதிரொலியை வைத்துத் தூரம் அளப்பது) வைக்கலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். நீர்ப்புகாத வகை 20, 25 சென்டிமீட்டருக்குள் இருப்பதைப் படிக்காது, நிரம்பிய தொட்டியில் உளறும். மூடிக்குக் கீழே ஆவி படிந்து சொட்டினாலும் உளறும். உள்ளே ஏணிப்படி இருந்தால் அதைத் தண்ணீர் என்று நினைத்துக்கொள்ளும். மிதவை சுவிட்ச் போதும்.

மின்பெட்டி | ஏப்ரல் 9, இரவு 7:45

மின்சாரப் பகுதிக்கு நான் சொல்கிறேன். வாரியத்தின் சீல் வைத்த மீட்டரைத் தொடவே கூடாது. அதற்கடுத்து, உங்கள் பொதுப் பகுதிப் பேனலில், மூன்று ஃபேஸ் துணை மீட்டர் வையுங்கள். ஆர்எஸ்-485 வெளியீடு (பல மீட்டரின் அளவையும் ஒரே ஒயரில் கணினிக்கு அனுப்பும் வழி) உள்ளதாக இருக்கட்டும். நாலு இடத்தில் நாலு மீட்டர் என்றால் ஒவ்வொன்றுக்கும் வேறு முகவரி எண் கொடுக்க வேண்டும். பெட்டியிலிருந்து வரும்போது எல்லாமே 1 என்றுதான் இருக்கும், அப்படியே இணைத்தால் எதுவும் பேசாது. ஒயரின் கடைசியில் 120 ஓம் மின்தடை. மின்னோட்டத்தை அளக்க ஒயரைச் சுற்றி மாட்டும் சிடி வளையத்தைத் திருப்பி மாட்டினால் ஒரு ஃபேஸ் கழித்தலில் வரும். மொத்தம் பார்க்க நியாயமாகத் தெரிவதால் மாதக்கணக்கில் யாரும் கண்டுபிடிப்பதில்லை. மாட்டிய அன்றே மூன்று ஃபேஸையும் தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள்.

லிஃப்ட், பம்பு, படிக்கட்டு விளக்கு, கழிவுநீர்ச் சுத்திகரிப்பின் ஊதுகாற்று இயந்திரம், இவை நான்கையும் பிரித்து அளந்தால் நல்லது. 24 மணி நேரமும் ஓடும் அந்த இயந்திரம்தான் பல இடங்களில் முதலிடம் பிடிக்கும்.

ஒரு கணக்கு தருகிறேன், பலகைக்கல்ல, மோட்டார் ரூமுக்கு. 1,000 லிட்டரை 25 மீட்டர் தூக்க இயற்பியல்படி 0.07 யூனிட் போதும். பம்பும் மோட்டாரும் சேர்ந்து 40 சதவீதத் திறன் என்றால் 0.17. உங்களிடம் இரண்டு மீட்டரும் இருப்பதால் தினமும் இதை வகுத்துப் பார்க்கலாம். ஆரம்பத்தில் 0.2 என்றிருந்து ஆறு மாதத்தில் 0.3 ஆனால் இம்பெல்லர் (பம்புக்குள் சுழலும் சக்கரம்) தேய்ந்திருக்கும், அல்லது உறிஞ்சு குழாயில் காற்று இழுக்கும். 240 வீடும் ஃபேனை நிறுத்திச் சேமிப்பதைவிட அதை ஒருமுறை சரிசெய்தால் கூடுதலாக மிஞ்சும்.

நீரளவன் | ஏப்ரல் 9, இரவு 8:20

கடைசி வரி கணக்குக்கு நிற்காது சார். ஒரு நாளைக்கு 113 கிலோலிட்டர், கிலோலிட்டருக்கு 0.1 யூனிட் மிச்சம் என்றால் 11 யூனிட். 240 வீட்டில் வீட்டுக்கொரு 70 வாட் ஃபேனை ஒரு மணி நேரம் நிறுத்தினாலே 17 யூனிட். ஆனால் ஃபேனை நிறுத்துவது தினமும் செய்யவேண்டிய வேலை, இம்பெல்லர் ஒருநாள் வேலை. அதனால் இரண்டும் வேண்டும்.

மின்பெட்டி | ஏப்ரல் 9, இரவு 8:35

சரிதான், திருத்தத்துக்கு நன்றி.

எழுத்துக்காரர் | ஏப்ரல் 11, காலை 11:15

டிவி விஷயம். வீட்டு டிவியின் வெளிச்சம் ஏப்ரல் வெயிலில் கறுப்பாகத்தான் தெரியும். திறந்தவெளிக்குப் பலரும் போடுவது பி10 எல்இடி பேனல் (புள்ளிக்குப் புள்ளி 10 மில்லிமீட்டர்). பேருந்து நெற்றியிலும் கடை வாசலிலும் எழுத்து ஓடுமே, அது. ஒரு பேனல் 32 அகலம், 16 உயரப் புள்ளிகள். ஆங்கில எழுத்து 16-இல் அழகாக உட்காரும். தமிழ் உட்காராது. "ணூ", "ஞை" போன்றவை நசுங்கும். "ழ" கால் இழந்து "ம" போலத் தெரியும். இரண்டு வரிசை அடுக்கி 32 புள்ளி உயரம் வைத்தால்தான் படிக்க முடியும். நாலு அகலம், இரண்டு உயரம், எட்டுப் பேனல்: 128 சென்டிமீட்டருக்கு 32.

அடுத்த பொறி மென்பொருளில். பைத்தான் நிரல்மொழியில் பில்லோ என்ற நிரல் நூலகத்தை வைத்து எழுத்துப் படம் தயாரிப்பார்கள். அதில் ராக்ம் என்ற துணை நூலகம் இல்லாவிட்டால் தமிழின் சேர்க்கை விதி தெரியாது. "கெ" என்று கொடுத்தால் க-வுக்குப் பின்னால் கொம்பு வரும். "கொ" துண்டுதுண்டாகும். நிரல் எழுதியவர் கணினியில் சரியாகத் தெரியும், பலகையில் ஏற்றும் சின்னக் கணினியில் உடையும். அங்கேயே ஓட்டிப் பார்த்து, "கொளத்தூர்" என்ற சொல்லை அடித்துச் சோதியுங்கள். அது சரியாக வந்தால் மற்றதும் வரும்.

எழுத்துக்காரர் | ஏப்ரல் 11, பகல் 12:30

இன்னும் யோசித்தால், மூன்றே மூன்று எண் என்று ஆனபிறகு தமிழை எல்இடியில் போடுவதே தேவையில்லை. சொற்கள் மாறப்போவதில்லை. "நேற்று ஆளுக்கு ____ லிட்டர் தண்ணீர்" என்று தகரத்தில் எனாமல் பெயின்ட்டால் நல்ல பெயின்டரை வைத்து எழுதிவிடுங்கள். காலி இடத்தில் மட்டும் நாலு அங்குல ஏழுகோட்டு எண் விளக்கு. எழுத்து உயரத்துக்குப் பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குலம் என்பது பழைய கணக்கு, நாற்பதடிக்கு நாலு அங்குலம். பெயின்டர் கையெழுத்தில் "ழ"வின் கால் எவ்வளவு நீளமாகவும் இறங்கலாம்.

கவனிக்க வேண்டியது: அவ்வளவு பெரிய எண் விளக்குக்கு 5 வோல்ட் போதாது, ஒவ்வொரு கோட்டுக்குள்ளும் பல எல்இடி தொடராக இருக்கும், 12 வோல்ட் கேட்கும். அதற்கேற்ற டிரைவர் சிப் வேண்டும். மேலே ஆறு அங்குலம் நீட்டிய தகர நிழல், இல்லாவிட்டால் காலை வெயிலில் எண் மங்கும்.

கொளத்தூர்வாசி | ஏப்ரல் 11, இரவு 9:00

இது மனசுக்குப் பிடித்திருக்கிறது. எண் விளக்கு எவ்வளவு மின்சாரம் குடிக்கும்? பலகை மின்சாரம் சாப்பிடுகிறது என்று யாராவது கேட்பார்கள்.

மின்பெட்டி | ஏப்ரல் 11, இரவு 9:25

பன்னிரண்டு இலக்க விளக்கு, சின்னக் கணினி எல்லாம் சேர்த்து 30 வாட்டைத் தாண்டாது. காலை 5:30 முதல் இரவு 10 வரை ஓடினால் அரை யூனிட். எட்டுப் பேனல் எல்இடி எல்லா விளக்கும் எரிந்தால் 160 வாட் வரை போகும். 5 வோல்ட், 40 ஆம்பியர் பவர் சப்ளை ஒன்றே 200 வாட் தரும் என்றாலும் வெயிலில் மூடிய பெட்டிக்குள் அதை நம்பக் கூடாது, இரண்டாகப் பிரிக்க வேண்டும். இந்த வழியில் அந்தக் கவலை இல்லை.

வடசென்னைக்காரி | ஏப்ரல் 13, காலை 9:40

நாலு பிளாக்குக்கும் தனித்தனி எண் போட்டு யாரு முதல்னு காட்டுனா போட்டி வருமே. வீட்டு வாரியா போட்டா இன்னும் நல்லா வேல செய்யும்.

நீரளவன் | ஏப்ரல் 13, இரவு 10:05

வீட்டுவாரி வேண்டவே வேண்டாம் அக்கா. 3சி-யில் மூன்று நாளாகத் தண்ணீர் பூஜ்யம் என்று தெருப்பார்த்த பலகையில் போட்டால், அந்த வீட்டில் ஆள் இல்லை என்று திருடனுக்கு நாமே சொன்ன மாதிரி. படுத்த படுக்கையாக ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வீட்டில் துணி தினமும் இரண்டு தடவை துவைக்க வேண்டியிருக்கும். அவர்களை வாசலில் நிறுத்தி அவமானப்படுத்துவது எந்தப் பசுமையிலும் சேராது.

பிளாக்குகளை ஒப்பிடுவதிலும் ஒரு பள்ளம் இருக்கிறது. கலிபோர்னியாவின் சான் மார்கோஸ் ஊரில் வீட்டு மின்சாரச் செலவை வைத்துச் செய்து 2007-இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. அக்கம்பக்கத்துச் சராசரியை வீடுகளுக்குச் சொன்னார்கள். அதிகம் செலவழித்தவர்கள் குறைத்தார்கள். ஏற்கெனவே குறைவாகச் செலவழித்தவர்கள் சராசரியைப் பார்த்துவிட்டு ஏற்றிக்கொண்டார்கள். அந்த வீடுகளின் தாளில் ஒரு சிரித்த முகம் வரைந்து கொடுத்ததும் ஏற்றம் நின்றது. ஆகவே 135-க்குக் கீழே இருக்கும் பிளாக்குக்கு எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு பச்சை விளக்கு எரியட்டும். அதிகமானால் சிவப்பு வேண்டாம், பச்சை அணைந்தால் போதும்.

2018 வறட்சியில் தென்னாப்பிரிக்காவின் கேப் டவுன் நகராட்சி வெளியிட்ட வரைபடமும் இந்த வழிதான். மாதம் 6,000 லிட்டருக்குக் கீழே செலவழித்த வீட்டுக்குக் கரும்பச்சைப் புள்ளி, 10,500 வரை இளம்பச்சை. அதற்கு மேலே போனவருக்குப் புள்ளியே கிடையாது. அங்கேயும் அந்தரங்கம் பற்றிக் கேள்வி எழுந்தது.

நீரளவன் | ஏப்ரல் 14, காலை 8:15

இன்று சித்திரை ஒன்று. பலருக்கு ஊருக்குப் போகிற நாள். இதுவே ஒரு பாடம், எழுதிவிடுகிறேன். பொங்கல், தீபாவளி, நீண்ட வார விடுமுறை நாட்களில் எண் சடாரென்று விழும். யாரும் சிக்கனமாகவில்லை, வீடு பூட்டியிருக்கிறது. மே மாதம் பேரப்பிள்ளைகள் வந்து எண் ஏறும், யாரும் வீணாக்கவில்லை. 840-ஐ நிரந்தரமாக வைத்து வகுக்காதீங்க. வாரம் ஒருமுறை பிளாக் பிரதிநிதியிடம் ஆள்கணக்கு வாங்குங்க, தோராயமாக இருந்தாலும் சரி. ஒரு நாளை நேற்றோடு ஒப்பிடாமல், போன நாலு வாரத்தின் அதே கிழமைகளோடு ஒப்பிடுங்க. ஞாயிறு துணி துவைக்கிற நாள், செவ்வாயோடு அதைச் சேர்த்து வைத்துப் பார்ப்பதில் அர்த்தமில்லை.

கொளத்தூர்வாசி | ஏப்ரல் 14, மாலை 5:30

எவ்வளவு குறையும் என்று கமிட்டிக்கு என்ன வாக்கு கொடுப்பது?

நீரளவன் | ஏப்ரல் 14, இரவு 7:00

பெரிய வாக்கு கொடுக்காதீங்க. அமெரிக்காவில் லட்சக்கணக்கான வீடுகளுக்கு அக்கம்பக்க ஒப்பீட்டுத் தாள் அனுப்பிப் பார்த்ததில் மின்சாரம் குறைந்தது சராசரியாக 2 சதவீதம். மறுபக்கம், ஓஹியோவில் ஓபர்லின் கல்லூரி விடுதிகளில் 2005-இல் நடந்த இரண்டு வாரப் போட்டியில் 32 சதவீதம் குறைந்தது. ஆனால் அது இரண்டே வாரம், மாணவர்கள். அங்கேயும் தண்ணீர் 3 சதவீதம்தான் இறங்கியது. தண்ணீர்ப் பழக்கத்தை அசைப்பது கஷ்டம்.

பலகையால் நிச்சயமாக மிஞ்சுவது கசிவு. இரவு 2 மணியிலிருந்து 4 மணி வரை யாரும் குளிப்பதில்லை. அந்த நேரத்தில் தொட்டியிலிருந்து போவது பெரும்பாலும் ஒழுகல். நிமிடத்துக்கு அரை லிட்டர் ஒழுகும் ஃபிளஷ் தொட்டி ஒரு நாளைக்கு 720 லிட்டர், ஐந்து பேருக்கு மேல் உள்ள பங்கு. சத்தமே வராது. ஃபிளஷ் தொட்டியில் நாலு சொட்டு கேசரிப் பவுடர் கரைசலை ஊற்றி அரைமணி நேரம் யாரும் தண்ணீர் அடிக்காமல் விட்டுப் பாருங்க. கோப்பையில் நிறம் இறங்கினால் உள்ளே இருக்கும் ரப்பர் வால்வை மாற்றணும். ஒரு ஞாயிறு காலை 240 வீட்டிலும் ஒரே நேரத்தில் இதைச் செய்தால், திங்கட்கிழமை பலகையில் தெரியும். தான் செய்ததை எண்ணில் பார்த்தவர் அடுத்த முறையும் செய்வார்.

ஆனால் ஏறும் குழாயில் மீட்டர் வைத்தால் இரவு ஓட்டம் தெரியாதே என்று யாராவது கேட்பதற்குள் சொல்லிவிடுகிறேன். தொட்டி நிரம்பி மோட்டார் நின்ற பிறகு, இரவு 2 மணிக்கு ஒருமுறை கையால் நிரப்பி நிறுத்துங்க. 4 மணிக்கு மறுபடி நிரம்பும்வரை ஓட்டுங்க. இரண்டாவது ஓட்டத்தில் மீட்டர் காட்டும் லிட்டர்தான் இரண்டு மணி நேரக் கசிவு. மாதம் ஒரு இரவு போதும்.

வடசென்னைக்காரி | ஏப்ரல் 16, காலை 7:50

குப்ப பத்தி யாரும் எழுதல. எட போடறது யாரு, எப்போ?

நீரளவன் | ஏப்ரல் 16, இரவு 8:30

மொத்த எடை வேண்டாம். ஆயுத பூஜைக்கு வாழைக்கன்றும், பொங்கலுக்குக் கரும்புச் சக்கையும், கோடையில் இளநீர்க் கூடும் எடையை ஏற்றும். அது மட்கும் குப்பை, குற்றமில்லை. பிரிக்காமல் வந்த கலப்புக் குப்பையின் எடை மட்டும் போதும். 150 கிலோ மேடைத் தராசு ஒன்று, காலை வண்டி வருவதற்கு முன்னால். தொட்டியின் வெற்று எடையை அதன் மேலேயே பெயின்ட்டில் எழுதிவிட்டால் கழித்துக்கொள்ளலாம். மூடி இல்லாத தொட்டியில் மழை பெய்தால் தண்ணீர்தான் எடை, அன்றைக்குப் போட வேண்டாம்.

எடை போடும் தூய்மைப் பணியாளருக்கு இது கூடுதல் வேலை. அதற்குத் தனியாகப் பணம் கொடுங்க.

கொளத்தூர்வாசி | ஏப்ரல் 19, இரவு 9:45

கமிட்டியில் பேசியாச்சு. மூன்று எண்ணுக்குச் சம்மதம். ஆனால் ஏரி மட்டம் வேண்டும் என்று மூத்தவர்கள் பிடிவாதம். 2019 ஜூனில் புழல் வறண்டு கிடந்ததை அவர்கள் மறக்கவில்லை.

நீரளவன் | ஏப்ரல் 20, காலை 6:45

அவர்கள் கேட்பது நியாயம். முதல் நாள் நான் ஏரியை அடியோடு தள்ளியது அவசரம். தனியாக வைத்தால் அந்த எண் ஒன்றும் செய்யாது; செயலோடு சேர்த்துக் கட்டினால் செய்யும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம், தேர்வாய்கண்டிகை ஐந்தும் சேர்த்து முழுக் கொள்ளளவு 11,757 மில்லியன் கன அடி. குடிநீர் வாரியம் தினமும் இருப்பை வெளியிடுகிறது. அதைச் சதவீதமாக்கி, பலகையின் ஓரத்தில் ஓர் உயரக் கம்பம் வரைந்து, திங்கட்கிழமை தோறும் காவலர் கையால் நகர்த்தும் அம்புக்குறி ஒன்று போதும். இணையத்திலிருந்து தானாக எடுக்கும் நிரல் எழுதினால், அந்தப் பக்கத்தின் அமைப்பு மாறிய அன்று உடையும்.

கம்பத்தில் 40 சதவீதத்தில் ஒரு கோடு. அம்பு அதற்குக் கீழே வந்தால் இலக்கு 135-லிருந்து 110 ஆகும் என்று முன்கூட்டியே பொதுக்குழுவில் முடிவு செய்துகொள்ளுங்க. 40, 110 இரண்டும் என் யோசனைதான், நீங்கள் பேசி மாற்றலாம்.

அதற்குப் பக்கத்தில் இன்னொரு அம்பு: உங்கள் வளாகத்துக் கிணற்றின் மட்டம். முடிச்சுப் போட்ட கயிறும் ஒரு கல்லும் போதும். ஏரி தூரத்தில் இருக்கிறது, கிணறு காலடியில் இருக்கிறது. நாலு மொட்டை மாடியும் சேர்த்து 2,400 சதுர மீட்டர் என்று வைத்தால், 10 மில்லிமீட்டர் மழையில் எண்பது சதவீதம் பிடித்தாலும் 19,200 லிட்டர், ஒன்றரை லாரிக்கு மேல். மழைநீர்த் தொட்டியின் மணலும் ஜல்லியும் செப்டம்பரில் கழுவப்பட்டிருந்தால்தான் அது கிணற்றுக்குப் போகும், இல்லாவிட்டால் தெருவுக்குப் போகும்.

கொளத்தூர்வாசி | ஏப்ரல் 20, இரவு 8:00

எப்போது ஆரம்பிக்கலாம்? மீட்டர் வர ஒரு மாதமாகும் என்கிறார்கள்.

நீரளவன் | ஏப்ரல் 20, இரவு 9:10

நாளைக்கே, கரும்பலகையில். மோட்டார் ஓடும் நேரத்தைக் காவலர் குறித்து வைக்கட்டும். பம்பு எத்தனை நிமிடத்தில் எவ்வளவு ஏற்றுகிறது என்று ஒருமுறை அளந்துவிட்டால் நிமிடத்தை லிட்டராக்கலாம். பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கும், பரவாயில்லை. ஆறு வாரம் எழுதுங்க, ஆனால் முதல் மூன்று வாரம் வாசலில் வைக்காமல் ஆபீசுக்குள் வைங்க. யாரும் பார்க்காதபோது உங்கள் செலவு எவ்வளவு என்பது அப்போதுதான் தெரியும். பலகை வந்தபிறகு அந்த எண் திரும்பக் கிடைக்காது.

நீரளவன் | ஏப்ரல் 21, காலை 6:20

ஒன்று விட்டுப்போச்சு. மீட்டர் பழுதானால் பலகையில் 0 வரக் கூடாது. 0 லிட்டர் என்று பச்சை விளக்கோடு எரிந்தால் மறுநாள் முதல் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். இரண்டு மணி நேரம் மோட்டார் ஓடியும் பல்ஸ் வராவிட்டால் எண் இருக்கும் இடத்தில் வெறும் கோடு வரட்டும். கீழே ஒரு ஆணி அடித்து "மீட்டர் பழுது, சரிசெய்கிறோம்" என்ற தகரத் தகடு தொங்கவிட இடம் வைங்க. அந்தத் தகட்டையும் பெயின்டரிடம் இப்போதே எழுதி வாங்கிவிடுங்க.